குகைச் சுவரும் நற்கருணைச் சிற்றாலயமும்

பிரான்சு நாட்டின் ஷோவே குகையில் ஏறக்குறைய 36,000 ஆண்டுகளுக்கு முன் மனிதர் வரைந்த ஓவியங்கள் 1994ஆம் ஆண்டு கண்டறியப்பட்டன. சிங்கம், காண்டாமிருகம், குதிரை என 400க்கும் மேற்பட்ட விலங்கு உருவங்கள் அங்கே உள்ளன. கரியும் காவிமண்ணுமே அவர்களின் வண்ணங்கள். பாறையின் புடைப்பையும் பள்ளத்தையும் அவர்கள் மறைக்கவில்லை. அவற்றையே விலங்கின் உடலாக்கினார்கள். தங்கள் உள்ளங்கைகளின் பதிவையும் விட்டுச் சென்றார்கள்.

இந்தக் குகைக் கலையில் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டவர் ஸ்பெயின் நாட்டு ஓவியர் மிக்கேல் பார்செலோ. ஷோவே குகையின் மாதிரி வடிவம் 2015இல் திறக்கப்பட்டது; அதை உருவாக்க வழிகாட்டிய அறிவியல் குழுவிலும் அவர் இடம்பெற்றார். அவர் பிறந்த மயோர்கா தீவின் பால்மா பேராலயத்தில், நற்கருணைச் சிற்றாலயத்தை அழகுபடுத்தும் பணியை ஆயர் தியோடோர் உபேதா அவரிடம் ஒப்படைத்தார். ஆயர் 2003இல் இறந்தார். பணி நிறைவுற்று, 2007 பிப்ரவரி 2 அன்று சிற்றாலயம் திறக்கப்பட்டது.

யோவான் நற்செய்தி 6ஆம் அதிகாரத்தில் வரும் அப்பம் பலுகிய நிகழ்வே அதன் கருப்பொருள். சுமார் 300 சதுர மீட்டர் சுவரைச் சுடுமண் மூடியிருக்கிறது. ஈரக் களிமண்ணைக் கையால் குத்தியும் அழுத்தியும் புடைக்கச் செய்து, சூளையில் சுட்டு, வண்ணம் தீட்டியிருக்கிறார். ஒருபுறம் மீன்கள், மறுபுறம் அப்பங்களும் கனிகளும், நடுவே உயிர்த்த ஆண்டவர். சாளரக் கண்ணாடிகள் சாம்பல் நிறம். ஒளி மங்கலாகவே விழுகிறது. உள்ளே நுழைபவருக்குக் குகைக்குள் வந்த உணர்வு.

அந்தச் சுவர் எங்கும் வெடிப்புகள். களிமண் காயும்போது வெடிக்கும். ஓவியர் அவற்றைப் பூசி மறைக்கவில்லை. நற்கருணைப் பேழை இருக்கும் இடத்தில் இப்படிக் கரடுமுரடான சுவர் தகுமா என்று நம்மில் சிலர் கேட்கக்கூடும். பளபளப்பும் பொன் முலாமும்தான் பக்தி என்று நாம் பழகிவிட்டோம். ஆனால், மனிதன் மண்ணால் உருவாக்கப்பட்டவன் என்பதே நம் மறைநூல் சொல்லும் உண்மை. கோதுமையும் மண்ணில் விளைந்ததே. உயிர்த்த ஆண்டவரும் தம் காயங்களை மறைக்கவில்லை.

ஆலயங்களைப் புதுப்பிக்கும்போது இதை நினைவில் கொள்வோம். விலையுயர்ந்த பொருள் எது என்று தேடுமுன், இங்கே மன்றாட வருபவரின் உள்ளத்தைத் தொடுவது எது என்று கேட்போம். வெடித்த மண்ணையும் இறைவன் தம் உறைவிடமாக ஏற்கிறார். வெடித்த நம் உள்ளங்களையும் ஏற்பார்.