தண்ணீர்த் தொட்டிக்குக் காவல் கம்ப்யூட்டர்!

கம்ப்யூட்டர் வாங்கியதும் பாட்டு, படம், இன்டர்நெட் என்றுதான் ஆரம்பிப்போம். வீட்டில் நடப்பதை அளந்து குறித்து வைக்கும் வேலையையும் அதனிடம் ஒப்படைக்கலாம். என் அனுபவத்தையே சொல்கிறேன்.

நாங்கள் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். கீழே வீட்டுக்காரர். இரண்டு வீட்டுக்கும் ஒரே தொட்டி. இரவு நிரப்பினாலும் விடியும்போது தண்ணீர் குறைந்திருக்கும். "மாடியில்தான் தண்ணீரைக் கொட்டுகிறீர்கள்" என்று அம்மாவிடம் வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். வீட்டைக் காலி செய்யும் பேச்சு வரை போனது. அளந்து பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

அளப்பது எப்படி?

ஆர்டுயினோ யூனோ போர்டுடன் ஒரு அல்ட்ராசோனிக் சென்சாரை இணைத்து, தொட்டி மூடியின் உட்புறம் கீழ்நோக்கிப் பொருத்தினேன். அது அனுப்பும் ஒலி நம் காதுக்குக் கேட்காது. தண்ணீரில் பட்டுத் திரும்பும். ஒலியின் வேகம் வினாடிக்குச் சுமார் 343 மீட்டர். திரும்பி வர 0.004 வினாடி ஆனால், 343 × 0.004 = 1.372 மீட்டர். இது போய் வந்த தூரம். பாதியாக்கினால் நீர்மட்டம் சுமார் 69 செ.மீ. கீழே இருக்கிறது என்று தெரியும்.

எங்கள் தொட்டியின் விட்டம் 1 மீட்டர். எனவே மட்டம் 1 செ.மீ. இறங்கினால் சுமார் 8 லிட்டர் செலவு.

பதிவு செய்வது

போர்டிலிருந்து யு.எஸ்.பி. கேபிள் கம்ப்யூட்டருக்கு வருகிறது. கேபிள் 5 மீட்டருக்குள் இருக்கட்டும். பைத்தானில் எழுதிய சிறு புரோகிராம் 5 நிமிடத்திற்கு ஒருமுறை தேதி, நேரம், அளவு மூன்றையும் சி.எஸ்.வி. ஃபைலில் சேர்க்கும். அதை எக்ஸெலில் திறந்து, இன்சர்ட் மெனுவில் சார்ட் தேர்வு செய்தால் வரைபடம் தயார்.

முதல் இரவு அரை மணி நேரப் பதிவுதான் கிடைத்தது. கம்ப்யூட்டர் ஸ்லீப் நிலைக்குப் போய்விட்டது! பவர் ஆப்ஷன்ஸில் ஸ்லீப் என்பதை 'நெவர்' என மாற்றுங்கள். மானிட்டரை அணைத்து வைக்கலாம்.

வரைபடம் சொன்னது

இரவு 12 முதல் காலை 5 வரை, எல்லோரும் தூங்கும் நேரத்தில், மட்டம் ஒரே சீராக 15 செ.மீ. இறங்கியிருந்தது. அதாவது 120 லிட்டர்! குழாயைத் திறந்து மூடினால் கோடு படிக்கட்டு போல இறங்கும். சீரான சரிவு என்றால் கசிவு.

யார் வீட்டில்? மறுநாள் இரவு எங்கள் வீட்டு வால்வை மூடினேன். சரிவு மாறவில்லை. வீட்டுக்காரரிடம் வரைபடத்தைக் காட்டி, அவர் வீட்டு ஃப்ளஷ் டேங்கில் கொஞ்சம் நீலச் சாயம் விட்டோம். ஃப்ளஷ் செய்யாமலே கழிப்பறையில் நீலம் இறங்கியது. உள்ளே வாஷர் தேய்ந்திருந்தது.

கவனிக்க

குழாயில் மாட்டும் சாதாரண ஃப்ளோ சென்சார்கள் நிமிடத்திற்கு 1 லிட்டருக்குக் குறைவான ஓட்டத்தைச் சரியாக எண்ணுவதில்லை. இந்தக் கசிவு நிமிடத்திற்கு 400 மில்லிதான், அதில் தப்பியிருக்கும். தொட்டிக்குள் ஈரம் அதிகம் என்பதால், நீர் புகாத வகை சென்சாராகப் பார்த்து வாங்குங்கள்.

வாஷர் மாற்றிய இரவு, கோடு நேராக நின்றது. காலி செய்யும் பேச்சும் நின்றது. இப்போது காலையில் வரைபடத்தை முதலில் கேட்பவர் வீட்டுக்காரர்தான்!