டீசல் எஞ்சினில் தகனமும் அயன் மின்னோட்டமும்

டீசல் எஞ்சினில் தீப்பொறி இல்லை. உருளையினுள் முசலம் வளியை நெருக்குவதால் அதன் வெப்பநிலை 500 பாகை செல்சியசிலும் கூடுகின்றது. அவ்வளியில் விசிறப்படும் டீசல் ஆவியாகி, சிறிது நேரத்தின் பின் தானாகவே தீப்பற்றும். இந்நேர இடைவெளி தீப்பற்றல் தாமதம் எனப்படும். இது நீண்டால், சேர்ந்திருக்கும் எரிபொருள் ஒரேயடியாக எரிந்து எஞ்சினில் அடிப்பு ஏற்படும்.

மூடிய உருளையினுள் தகனம் தொடங்குவதை எவ்வாறு அறியலாம்?

சாதாரண வளி மின்னை அரிதிற் கடத்தும். ஆனால் ஐதரோகாபன்கள் எரியும்போது ஐதரோனியம் போன்ற நேர் அயன்களும் சுயாதீன இலத்திரன்களும் தோன்றுகின்றன. எனவே உருளையினுள் காவலிடப்பட்ட மின்வாயொன்றை வைத்து, அதற்கும் எஞ்சின் உடலுக்குமிடையே அழுத்த வேறுபாட்டை வழங்கினால், சுவாலை அதனை அடையும்போது மிகச் சிறிய மின்னோட்டம் பாயும். இதுவே அயன் மின்னோட்டமாகும்.

கவனிக்க: டீசலும் வளியும் சீராகக் கலப்பதில்லை. ஆகவே தகனம் வேறோரிடத்தில் முன்னரே தொடங்கியிருக்கலாம். மின்வாய் காட்டுவது தன்னைச் சூழ்ந்த பகுதியை மட்டுமே. இதனாலேயே அமுக்கம், வெப்பநிலை, தாக்க வீதம் என்பவற்றைக் கொண்டு கணித மாதிரி அமைத்து, அது தரும் மின்னோட்டத்தை அளந்த மின்னோட்டத்துடன் ஒப்பிடுவர். இரண்டும் பொருந்தினால் அம்மாதிரியைக் கொண்டு எரிபொருளை விசிறவேண்டிய நேரத்தைத் திருத்தலாம்.

வினா: எரிபொருள் தீப்பற்றாதபோது அயன் மின்னோட்டம் பாயாதது ஏன்?
விடை: மின்னைக் காவிச்செல்லப் போதிய அயன்களும் இலத்திரன்களும் இல்லாமையால்.