அரசாங்கத்துக்கு அடித்த திங்கட்கிழமை ஜுரம்!

திங்கட்கிழமை என்றாலே ஆபீஸ் போகிறவர்களுக்கு லேசாக ஜுரம் அடிக்கும். ஒரு ஊரில் அரசாங்கத்துக்கே அடித்தது!

கிழக்கு ஜெர்மனியின் லைப்சிக் நகரம். அங்குள்ள செயின்ட் நிக்கோலஸ் சர்ச்சில் 1982 முதல் திங்கள்தோறும் மாலை 5 மணிக்கு அமைதிப் பிரார்த்தனை. நாட்டுக்காக, ஜனங்களுக்காக. சில வாரம் வந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். பாதிரியார் கிறிஸ்டியான் ஃப்யூரர் அசரவில்லை. 'எல்லோரும் வரலாம்' என்று வாசலில் போர்டு மாட்டினார். சாமி கும்பிடாதவர்களும் வந்தார்கள். கம்யூனிஸ்ட் ஆட்சியாச்சே... மனம்விட்டுப் பேச வேறு இடம் ஏது?

1989-ல் கூட்டம் எகிறியது. பிரார்த்தனை முடிந்ததும் தெருவில் இறங்கி நடந்தார்கள். போலீஸ் பிடித்து உள்ளே போட்டது. கைதானவர்களின் பெயர்கள் சர்ச் ஜன்னலில் தொங்கின. பக்கத்தில் பூக்கள்.

அக்டோபர் 9. ஆயிரக்கணக்கில் போலீசும் ராணுவமும் குவிந்தன. சீனாவின் தியானன்மென்னில் துப்பாக்கிச் சூடு நடந்து நாலே மாதம்தான் ஆகியிருந்தது. 'இங்கேயும் அதே கதிதானோ?' என்று ஊரே நடுங்கியது.

கட்சி ஒரு தந்திரம் செய்தது. நூற்றுக்கணக்கான கட்சிக்காரர்களை மத்தியானமே அனுப்பி, சர்ச் பெஞ்சுகளை நிரப்பியது. நம்ம ஊர் பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற மாதிரி! கடைசியில் என்னாச்சு? பாவம், வந்தவர்கள் முழுப் பிரார்த்தனையையும் உட்கார்ந்து கேட்க வேண்டியதாயிற்று!

வெளியே சுமார் 70,000 பேர். பலர் கையில் மெழுகுவத்தி. அதில் ஒரு சூட்சுமம் உண்டு. பாதிரியாரே பின்னாளில் சொன்னதுதான். மெழுகுவத்தியைப் பிடிக்க ஒரு கை, காற்றில் அணையாமல் மறைக்க இன்னொரு கை. கல்லெடுக்க ஏது கை?

'நாங்கள்தான் மக்கள்', 'வன்முறை வேண்டாம்' என்ற கோஷத்தோடு ஊர்வலம் நகரைச் சுற்றி வந்தது. ஒரு குண்டுகூட வெடிக்கவில்லை. சரியாக ஒரே மாதத்தில், நவம்பர் 9-ல், பெர்லின் சுவர் திறந்தது.

திறந்தது பிரார்த்தனைதானா? கோர்பசேவ், காலியான கஜானா, ஹங்கேரி எல்லை என்று காரணங்கள் நிறைய உண்டு சார். ஆனால், அன்று ராத்திரி ஒரே ஒரு கல் பறந்திருந்தாலும் சுடுவதற்குச் சாக்குக் கிடைத்திருக்கும்.

நாட்டுக்காக வேண்டிக்கொள் என்றால், 'கடவுளே, இவனுங்களைத் திருத்து' என்றுதான் நமக்கெல்லாம் வாயில் வரும். லைப்சிக்காரர்களோ கோபத்தில் தங்கள் கை ஓங்கிவிடாமல் பார்த்துக்கொண்டார்கள். எதிரே துப்பாக்கியோடு நின்ற பையனும் அந்த நாட்டு ஜனம்தானே!