புது கிராபிக்ஸ் கார்டு போட்டதும் கணினி ஏன் அணைகிறது?

பிரவுசர் ஓடும்வரை ஒரு தொந்தரவும் இல்லை. கேமைத் திறந்த சற்று நேரத்தில் கணினி பட்டென்று அணைந்து, தானே மறுபடி எழுகிறது. விண்டோஸின் நிகழ்வுப் பதிவில் ‘கெர்னல்-பவர் 41’ என்றொரு வரி. பலர் அதைப் பார்த்துப் பதறுவார்கள். முறையாக மூடாமல் அணைந்தது என்பதற்கு மேல் அது பெரிதாக எதுவும் சொல்வதில்லை.

முதல் சந்தேகம் பவர் சப்ளை மீதுதான். மதர்போர்டு ஸ்லாட் 75 வாட் வரை தரும். 8 பின் இணைப்பு ஒவ்வொன்றும் 150 வாட். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3080 கார்டுக்கு அறிவிக்கப்பட்ட அளவு 320 வாட். ஆனால் அது சராசரிக் கணக்கு. வேலைப்பளு திடீரென ஏறும்போது, நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்துக்கு, அதைவிட வெகு அதிகமாக இழுக்கும். பவர் சப்ளையின் பாதுகாப்புச் சுற்று அதைக் கோளாறு என்று எடுத்துக்கொண்டு மின்சாரத்தைத் துண்டித்துவிடுகிறது. 2022-இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 தரம் இத்தகைய நொடிநேர உச்சங்களைத் தாங்கச் சொன்னது இதற்காகத்தான்.

ஒரே கேபிளில் தொங்கும் இரண்டு பிளக்குகளையும் கார்டில் செருகியிருந்தால், தனித்தனிக் கேபிளாக மாற்றுங்கள். மென்பொருள் வழியாகக் கார்டின் மின் வரம்பை 80 சதவீதமாகக் குறைத்தும் ஓட்டிப் பார்க்கலாம். அணைவது நின்றால் குற்றவாளி அநேகமாகப் பவர் சப்ளைதான்.

கணினி அணையாமல் திரை மட்டும் கறுத்துத் திரும்பினால் கதை வேறு. கார்டு 2 நொடி பதில் தராவிட்டால் விண்டோஸ் டிரைவரை மீண்டும் தொடங்கவைக்கும். பழைய டிரைவரை சேஃப் மோடில் அடியோடு நீக்கிவிட்டுப் புதிதாகப் போடுங்கள். அதற்கும் அசையவில்லையா? கார்டை வேறொரு கணினியில் மாட்டிப் பார்க்க வேண்டியதுதான்.