கணினியின் வேகத்தைக் கூட்டலாமா? – ஆய்வகத்தில் கற்ற ஒரு பாடம்

அரையாண்டுத் தேர்வு முடிந்து மதிப்பெண் பட்டியல் தயாரித்துக்கொண்டிருந்த நேரம். ஐந்து வகுப்புகளின் பட்டியல்களையும் செய்முறைத் தேர்வுக்கான வினாத்தாள்களையும் ஒரே கோப்பாகச் சுருக்கிப் பென் டிரைவில் ஏற்றினேன். ஏறிவிட்டது என்று நம்பி, கணினியில் இருந்த மூலக் கோப்புகளை அழித்தும் விட்டேன். மறுநாள் தலைமையாசிரியர் அறையில் பென் டிரைவைத் திறந்தபோது, கோப்பு சிதைந்துள்ளது என்ற செய்தி மட்டுமே வந்தது.

முதலில் பென் டிரைவைக் குறை சொன்னேன். பிறகு வைரஸ் என்றேன். மின்சாரம் ஏறி இறங்கியதில் ஹார்டு டிஸ்க் போய்விட்டதோ என்றும் பயந்தேன். மூன்றுமே காரணமில்லை.

அந்தக் கணினி, எங்கள் முன்னாள் மாணவர் ஒருவர் தாம் பயன்படுத்திய பிறகு பள்ளிக்குக் கொடுத்தது. அதில் இருப்பது இன்டெல் கோர் ஐ5-2500கே என்ற செயலி. 2011-இல் வெளிவந்தது, நான்கு கோர்கள் கொண்டது, அடிப்படை வேகம் 3.3 கிகாஹெர்ட்ஸ். மதர்போர்டிலேயே பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸைத் திறந்து பார்த்தேன். 33 என்று இருக்க வேண்டிய இடத்தில் 42 என்று இருந்தது.

ஆய்வக வாசலில் பதினோராம் வகுப்பு மாணவன் ஒருவன் தயங்கி நின்றான். "சார், நான்தான் மாத்தினேன். நல்லா வேகமாத்தான் சார் ஓடுச்சு. ஒரு பிரச்சினையும் வரல" என்றான்.

இனி ஆய்வகத்துக்குள் வராதே என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவனே கேட்டான்: "வேகமா ஓடுனா தப்பா எப்படி சார் கணக்குப் போடும்?" இயற்பியல் ஆசிரியரான என்னிடம் அதற்கு உடனே சொல்லும்படி விடை இல்லை. தேடிப் படித்தேன், பிறகு மாணவர்களோடு சேர்ந்து செய்தும் பார்த்தேன். அதைத்தான் இங்கே பகிர்கிறேன்.

33 என்பது எதன் எண்?

செயலியின் ஒவ்வொரு வேலையும் ஒரு கடிகாரத் துடிப்புக்கு ஏற்ப நடக்கிறது. எங்கள் கணினியில் மதர்போர்டு தரும் அடிப்படைத் துடிப்பு 100 மெகாஹெர்ட்ஸ். அதை ஒரு பெருக்கியால் பெருக்கினால் செயலியின் வேகம் கிடைக்கும். 100 × 33 = 3300 மெகாஹெர்ட்ஸ், அதாவது 3.3 கிகாஹெர்ட்ஸ். நொடிக்கு 330 கோடித் துடிப்புகள். பெருக்கியை 42 ஆக்கினால் 420 கோடி. இப்படி, தயாரிப்பாளர் குறித்த வேகத்துக்கு மேல் செயலியை ஓட்டுவதற்கு ஓவர்கிளாக்கிங் என்று பெயர்.

எல்லாச் செயலியிலும் இது நடக்காது. இன்டெல் மேசைக்கணினிச் செயலிகளில் பெயரின் இறுதியில் 'கே' என்ற எழுத்து உள்ளவற்றில்தான் பெருக்கி பொதுவாகத் திறந்துவிடப்பட்டிருக்கும்; மதர்போர்டும் அதற்கு இடம் தர வேண்டும். ஏஎம்டி ரைசன் மேசைக்கணினிச் செயலிகளில் பெரும்பாலானவை திறந்தவை.

தயாரிப்பாளர் ஏன் குறைவாகக் குறிக்கிறார்? ஒரே தொழிற்சாலையில் வரும் செயலிகள் எல்லாம் ஒன்றுபோல் இருப்பதில்லை. அவற்றில் சுமாரான ஒன்றும், தூசி படிந்த பெட்டிக்குள், கோடை வெயிலில், பல ஆண்டுகள் பிழையின்றி ஓட வேண்டும். அதற்காக விடப்படும் இடைவெளிதான் ஓவர்கிளாக்கிங்குக்குக் கிடைக்கும் இடம். 1998-இல் வந்த செலரான் 300ஏ இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. 66 மெகாஹெர்ட்ஸ் அடிப்படைத் துடிப்பை 4.5-ஆல் பெருக்கி 300 மெகாஹெர்ட்ஸில் ஓடிய அந்த மலிவுச் செயலியை, அடிப்படைத் துடிப்பை 100 ஆக்கி 450-இல் பலர் ஓட்டினார்கள்.

பள்ளி மணியும் கரும்பலகையும்

மாணவனின் கேள்விக்கு நான் கண்ட எளிய விளக்கம் நம் பள்ளி மணிதான்.

ஒவ்வொரு பாடவேளையிலும் ஆசிரியர் ஒரு கணக்கைக் கரும்பலகையில் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மணி அடித்ததும் பலகையில் இருக்கும் விடையை மாணவர்கள் எழுதிக்கொண்டு அடுத்த அறைக்குப் போகிறார்கள். ஆசிரியர் முடித்துவிட்டாரா என்று மணி பார்ப்பதில்லை. 40 நிமிடத்துக்கு ஒருமுறை அடித்த மணியை 31 நிமிடத்துக்கு ஒருமுறை அடித்தால், எளிய கணக்குகளில் எந்த மாற்றமும் தெரியாது. அவை எப்போதோ முடிந்துவிட்டன. மிக நீளமான கணக்கில் மட்டும், விடை 3472 என்று எழுத வேண்டிய இடத்தில் 347 வரை எழுதியிருக்கும்போதே மணி அடித்துவிடும். மாணவர்கள் 347 என்று எழுதிக்கொண்டு போவார்கள். அது தவறு என்று அவர்களுக்குத் தெரியாது.

செயலியிலும் இதுதான் நடக்கிறது. 3.3 கிகாஹெர்ட்ஸில் ஒரு துடிப்புக்கு 0.30 நானோநொடி கிடைக்கிறது. 4.2-இல் 0.24 நானோநொடி. ஒளியே அந்த நேரத்தில் சுமார் 7 சென்டிமீட்டர்தான் செல்லும். அதற்குள் மின்குறி பல டிரான்சிஸ்டர்களைக் கடந்து 0 அல்லது 1 என்று நிலைபெற வேண்டும். மிக நீண்ட பாதையில் செல்லும் குறி நேரத்துக்கு வந்து சேராவிட்டால், பழைய மதிப்போ அரைகுறை மதிப்போ விடையாகப் பதிந்துவிடும்.

அதனால்தான் இணையப் பக்கம் திறந்தபோதும் பாடல் கேட்டபோதும் ஒரு பிரச்சினையும் வரவில்லை. கோப்பைச் சுருக்குவது போன்ற கடும் கணக்கு ஓடியபோது எங்கோ ஓரிடத்தில் ஒரு விடை தவறியது. சுருக்கிய கோப்பில் ஒரு பிட் மாறினாலே அது திறக்காமல் போகலாம். மாணவன் பொய் சொல்லவில்லை. கணினியும் எங்களிடம் எதுவும் சொல்லவில்லை.

மின்னழுத்தம் கூட்டினால்?

குறி விரைவாக வந்து சேர ஒரு வழி உண்டு. செயலிக்குத் தரும் மின்னழுத்தத்தைச் சற்றுக் கூட்டினால் டிரான்சிஸ்டர்கள் விரைவாக மாறும். ஆனால் அதற்கு விலை வெப்பம். செயலியின் இயக்கத்தில் செலவாகும் திறனுக்கு ஓர் எளிய தொடர்பு உண்டு:

திறன் = மின்தேக்குத்திறன் × மின்னழுத்தத்தின் வர்க்கம் × அதிர்வெண்

அதிர்வெண் ஒருபடியாக ஏறுகிறது. மின்னழுத்தம் வர்க்கமாக ஏறுகிறது. 3.5-இலிருந்து 4.2 கிகாஹெர்ட்ஸுக்குப் போக, மின்னழுத்தத்தை 1.20-இலிருந்து 1.35 வோல்ட் ஆக்க வேண்டியிருந்தால், வேகம் 20 விழுக்காடு கூடும். திறனோ 1.2 × 1.266 = 1.52 மடங்காகும். 95 வாட் செலவிட்ட செயலி 144 வாட் கேட்கும். அத்தனையும் வெப்பமாக வெளியேற வேண்டும்.

இந்தச் சுவரில் முட்டியவர்கள் நாம் மட்டுமல்ல. 2004-இல் பென்டியம் 4 செயலி 3.8 கிகாஹெர்ட்ஸை எட்டியது. அடுத்து வரவிருந்த 4 கிகாஹெர்ட்ஸ் செயலியை இன்டெல் அதே ஆண்டு கைவிட்டது. அதன் பிறகு, ஒரே கோரை மேலும் மேலும் விரட்டுவதை விட்டுப் பல கோர்களைச் சேர்க்கும் வழிக்குத் தொழில்துறை திரும்பியது.

அளந்து பார்த்தோம்

மார்ச் மாதச் சனிக்கிழமை ஒன்றில், எங்கள் கணினியில் இதைச் சோதனையாகவே செய்தோம். கணினியில் முக்கியக் கோப்பு எதையும் வைக்கவில்லை. அறை வெப்பநிலை 33 டிகிரி செல்சியஸ். செயலியின் மின்விசிறியை முழு வேகத்தில் நிலையாக வைத்தோம். தானாக வேகம் கூட்டும் டர்போ வசதியை நிறுத்தினோம். மாறுவது ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும் என்று நாம் வகுப்பில் சொல்வதுதான்.

சோதிக்க பிரைம்95 என்ற மென்பொருளை ஓட்டினோம். மெர்சன் பகா எண்களைத் தேட உருவான மென்பொருள் இது. அதாவது 3, 7, 31, 127 போல, 2-இன் அடுக்கிலிருந்து 1 கழித்தால் வரும் பகா எண்கள். இதன் சோதனைப் பகுதி, விடை முன்பே தெரிந்த மாபெரும் கணக்குகளைச் செயலியிடம் கொடுத்து, வரும் விடையை ஒப்பிடும். விடைக்குறிப்பை வைத்துக்கொண்டு தாள் திருத்துவது போல. ஒவ்வொரு படியிலும் அரை மணி நேரம் ஓட்டினோம்.

1.20 வோல்ட், பெருக்கி 33: 70 டிகிரி, பிழையில்லை.
1.20 வோல்ட், பெருக்கி 36: 73 டிகிரி, பிழையில்லை.
1.20 வோல்ட், பெருக்கி 38: 76 டிகிரி, பிழையில்லை.
1.20 வோல்ட், பெருக்கி 40: 78 டிகிரி, பிழையில்லை.
1.20 வோல்ட், பெருக்கி 42: ஏழாவது நிமிடத்தில் பிழை.
1.30 வோல்ட், பெருக்கி 42: 89 டிகிரி, பிழையில்லை.

ஐந்தாவது படியில் மாணவர்கள் பார்த்ததுதான் முக்கியமானது. திரை உறையவில்லை. கணினி அணையவில்லை. மவுஸ் வழக்கம்போல் நகர்ந்தது. நான்கு கோர்களில் ஒன்று தவறான விடை தந்தது என்று ஒரே ஒரு வரி வந்தது. மூன்று மாதங்களுக்கு முன் யாரும் பார்க்காமல் நடந்த பிழை இப்போது கண்ணெதிரே நடந்தது.

பிறகு கணக்குப் போட்டோம். அறை வெப்பநிலைக்கு மேல் செயலி எவ்வளவு சூடாகிறது என்பது ஏறத்தாழ அது செலவிடும் திறனுக்கு நேர்விகிதம். பெருக்கி 40-இல் அந்த உயர்வு 45 டிகிரி. கடைசிப் படியில் வேகம் 1.05 மடங்கு, மின்னழுத்தத்தின் வர்க்கம் 1.17 மடங்கு; ஆக, திறன் 1.23 மடங்கு. 45 × 1.23 = 55. அதனுடன் 33 சேர்த்தால் 88. எங்களுக்குக் கிடைத்தது 89. ஒரு டிகிரி வேறுபாட்டில் சூத்திரம் பலித்ததும் ஆய்வகத்தில் எழுந்த ஆரவாரம் எனக்கு மறக்காது.

பலன் என்ன? பத்து நிமிடம் ஓடும் வீடியோச் சுருக்கும் வேலை, பெருக்கி 40-இல் எட்டரை நிமிடத்தில் முடிந்தது. இணையப் பக்கம் திறப்பதிலும் ஆவணம் தட்டச்சு செய்வதிலும் வேறுபாடே தெரியவில்லை. அங்கே காத்திருப்பது செயலிக்காக அல்ல. இணையத்துக்காகவும் ஹார்டு டிஸ்குக்காகவும்தான்.

செய்ய விரும்பும் ஆசிரியர்களுக்கு

அரசு வழங்கிய ஆய்வகக் கணினிகளிலும் மடிக்கணினிகளிலும் இதைச் செய்யக் கூடாது. பழைய, தனிப்பட்ட, முக்கியக் கோப்பு எதுவும் இல்லாத மேசைக்கணினி மட்டுமே இதற்கு ஏற்றது. உத்தரவாதக் காலத்தில் இருந்தால் அதை இழக்க நேரலாம்.

தொடங்கும் முன் பயாஸில் உள்ள எண்களைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பெருக்கியை ஒவ்வொரு படியாக மட்டும் ஏற்றுங்கள். மின்னழுத்தத்தை மிகச் சிறிய அளவில், கடைசியாக மட்டும் தொடுங்கள். அளவுக்கு மீறிய மின்னழுத்தம் செயலியை நிரந்தரமாகக் கெடுத்துவிடும். உடனே கெடாவிட்டாலும் ஆயுளைக் குறைக்கும். வெப்பநிலை 90 டிகிரியை நெருங்கினால் நிறுத்திவிடுங்கள்.

கணினி தொடங்கவே இல்லை என்றால் பதறத் தேவையில்லை. மின்இணைப்பைப் பிடுங்கிவிட்டு, மதர்போர்டில் உள்ள நாணயம் போன்ற 3 வோல்ட் பேட்டரியைச் சில நிமிடங்கள் கழற்றி மாட்டினால், பெரும்பாலான மதர்போர்டுகளில் பயாஸ் தன் பழைய எண்களுக்குத் திரும்பிவிடும்.

கணினியே இல்லாமலும் இந்தப் பாடத்தை நடத்தலாம். மேலே உள்ள ஆறு வரிகளைக் கரும்பலகையில் எழுதி, வேகத்துக்கும் வெப்பநிலை உயர்வுக்கும் வரைபடம் போடச் சொல்லலாம். பத்தாம் வகுப்பில் மின்னோட்டத்தின் வெப்ப விளைவு நடத்தும்போதும், நேர்விகிதம் சொல்லித் தரும்போதும், பதினோராம் வகுப்புக் கணினி அறிவியலில் கடிகார வேகம் வரும்போதும் இது கைகொடுக்கும்.

அழிந்த பட்டியல்களைப் பதிவேட்டைப் பார்த்து மீண்டும் ஏற்ற எங்களுக்கு இரண்டு மாலைகள் ஆயின. இப்போதெல்லாம் சுருக்கிய கோப்பை ஒருமுறை திறந்து பார்க்காமல் மூலத்தை அழிப்பதில்லை.

சோதனை முடிந்த அன்று மாலை, கணினியை எந்த எண்ணில் விடலாம் என்று மாணவர்களிடம் கேட்டேன். 40 என்றுதான் பலரும் சொன்னார்கள். பிழையே வரவில்லையே என்றார்கள். அந்த மாணவன் மட்டும், "அரை மணி நேரம்தானே சார் பார்த்தோம். மார்க் லிஸ்ட் ஏத்துற கம்ப்யூட்டர் 33-லயே இருக்கட்டும்" என்றான். அவனே பயாஸைத் திறந்து எண்ணை மாற்றிச் சேமித்தான்.