கோடைக் களஆய்வும் மதிப்பலகும்

தமிழ் முதுகலை மாணவர் கோடை விடுமுறையில் களஆய்வு மேற்கொள்வது புதியதன்று. ஆயின் அவ்வுழைப்பைப் பட்டப்படிப்பின் ஒரு கூறாகக் கொண்டு, இத்துணை மதிப்பலகு என அளந்து வழங்குவது பிற்கால வழக்கமாகும். கிரெடிட் என்று அலுவலகங்களில் வழங்கும் அவ்வலகினை ஈண்டு மதிப்பலகு என்றே குறிப்போம். களத்திற்குச் செல்லத் தக்கார் யாவர், சென்று மீண்டார்க்கு எத்துணை மதிப்பலகு தரலாம் என்னும் இரு வினாக்களை மதுரை வட்டாரத்தை முன்னிட்டு ஆராய முற்படுவோம்.

முதற்கண் கணக்கினை நோக்குவோம். பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் இளங்கலைப் படிப்பிற்கு வகுத்த சட்டகம், விரிவுரையாயின் 15 மணி நேரத்தையும், செய்முறை, களப்பணி முதலியனவாயின் 30 மணி நேரத்தையும் ஒரு மதிப்பலகாகக் கொள்கின்றது. இவ்வளவையை முதுகலைக்கும் பொருத்திப் பார்ப்பின், 4 மதிப்பலகுடைய களஆய்வுக்கு 120 மணி நேரம் வேண்டும். நாளொன்றுக்கு 6 மணியெனின் 20 நாள் ஆகும்.

இதனைக் கண்டு, களத்தின் ஒரு மணி வகுப்பறையின் அரைமணிக்கே ஈடு என்று கருதுவார் உளர். அக்கருத்துப் பொருந்தாது. விரிவுரைக்குரிய 15 மணியில் மாணவர் நூலகத்திலும் இல்லத்திலும் பயிலும் நேரம் எண்ணப்படவில்லை. அமெரிக்க நாட்டு அளவை அதனையும் சேர்த்தெண்ணுகிறது. ஒரு மணி வகுப்பிற்கு இருமணித் தனியுழைப்பு என்னும் முறையில், 15 வாரத்திற்கு ஏறத்தாழ 45 மணி ஒரு மதிப்பலகாகின்றது. ஐரோப்பிய அளவையில் 25 முதல் 30 மணி வரையிலான முழுவுழைப்பு ஓர் அலகு. ஆகவே எண்கள் வேறுபடுதற்குக் காரணம், எவ்வுழைப்பை எண்ணுகிறோம், எதனை எண்ணாது விடுகிறோம் என்பதேயாம்.

அங்ஙனமாயின் களஆய்வில் எண்ணப்படுவது யாது? இங்கேதான் சிக்கல் தொடங்குகின்றது. ஊரில் ஒரு மணி நேரம் ஒலிப்பதிவு செய்த பேச்சை எழுத்தில் பெயர்த்தற்குப் பன்மடங்கு நேரம் செல்லும். வட்டார வழக்கைச் செவ்வனே கேட்டெழுதப் பழகாதவர்க்கு அது மேலும் மிகும். தாலாட்டோ ஒப்பாரியோ ஆயின், இசையால் நீண்ட அசைகளுக்கிடையே சொல்லைப் பிரித்தறிவதே ஒரு பயிற்சியாகும். அவ்வுழைப்பை வீட்டுப்பாடம் எனத் தள்ளிவிட்டு, ஊரில் நின்ற மணிகளை மட்டும் எண்ணின், பதிவுகளைக் குவித்துப் பெயர்த்தெழுதாது விடுவோர்க்கே நன்மதிப்பு வாய்க்கும். பெயர்த்தெழுதும் நேரத்தையும் 120 மணிக்குள் அடக்குதலே முறை என்பது எம் துணிபு.

மதுரைக் களத்தின் இயல்பும் இதற்கு இயைகின்றது. சித்திரை, வைகாசித் திங்களில் நண்பகலில் ஊர்களிற் சென்று வினவுதல் அரிது. காலை ஆறு முதல் பத்து வரையும் மாலையிலும் மக்களைக் கண்டு, இடைப்பொழுதில் அமர்ந்து எழுதுதலே இயலும். அழகர் வைகையில் இறங்கும் விழாவோ இவ்வொழுங்கிற்கும் அடங்காது. வண்டியூர், தேனூர் மண்டபம், தசாவதாரம் நிகழும் இராமராயர் மண்டபம் என இரவும் பகலும் தொடர்ந்து செல்லும் அதனை ஆராய்வார்க்கு மணிக்கணக்கு என் செய்யும்? அன்றியும் அவ்விழா முழுநிலவை ஒட்டி வருவதாதலின், சில ஆண்டுகளில் தேர்வுக் காலத்திலேயே வந்துவிடுகிறது. விடுமுறை நாளைக் குறிக்கும் அலுவலர் பஞ்சாங்கத்தையும் ஒருமுறை நோக்குதல் நலம்.

இத்தகைய உழைப்பின் பயனுக்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டா. தொ. பரமசிவனின் 'அழகர் கோயில்' மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் முனைவர்ப் பட்டத்திற்கெனக் களஆய்வின்வழி உருவானது; 1989-இல் அப்பல்கலைக்கழகமே அதனை நூலாக வெளியிட்டது. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006-இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வுக்குழுவினர் கண்டறிந்த தமிழ் பிராமி நடுகற்கள் மற்றொரு சான்று. அவற்றுள் ஒன்றில் 'ஆகோள்' என்னும் சொல் பொறிக்கப்பட்டுள்ளது. தொல்காப்பியப் புறத்திணையியலில் துறையாக நாம் பயின்ற சொல், வைகை வடிநிலத்தில் இறந்துபட்ட ஒருவனின் கல்லிலும் நிற்பதை ஊர் ஊராய் நடந்தோரே கண்டனர்.

இனித் தகுதி. இதில் அயல்நாட்டார் முறை ஒப்புநோக்கற்பாலது. 1961-இல் தோன்றிய அமெரிக்க இந்தியவியல் ஆய்வு நிறுவனம் மதுரையில் தமிழ் கற்பிக்கும் மையம் ஒன்றை நிறுவி, கோடைக்காலப் பயிற்சியும் நடத்தியுள்ளது. கோடையில் மொழி பயில்வார்க்கு அமெரிக்க நடுவணரசு வழங்கிய உதவித்தொகையின் விதிகளில், பயிற்சி ஆறு வாரத்திற்குக் குறையலாகாது. தொடக்க, இடைநிலையினர்க்கு 140 மணியும், உயர்நிலையினர்க்கு 120 மணியும் வகுப்பு நேரம் வேண்டும் என்று வரையறுக்கப்பட்டிருந்தது. மாணவரின் மொழித்திறனை முன்னரே கணித்து நிலை வகுத்தல் அம்முறையின் அடிப்படை.

நம் மாணவர்க்குத் தமிழ் தாய்மொழியாதலின் அத்தகைய தேர்வு வேண்டா எனத் தோன்றலாம். தாய்மொழி என்பதாலேயே களமொழி கைவந்துவிடாது. மாங்குளம் கல்வெட்டின் படியெடுப்பைக் கொடுத்து எழுத்துகளை இனங்காணச் சொல்லின், சங்க இலக்கியத்தில் முதன்மை பெற்ற மாணவரும் திகைப்பர். அக்கல்வெட்டுகளை இராபர்ட் சிவெல் 1882-இல் கண்டறிந்தார். அவற்றில் பயிலும் நெடுஞ்செழியன் என்னும் பெயர் ஐராவதம் மகாதேவனின் ஆய்வால் 1965-க்குப் பின்னரே தெளிவுற்றது. எண்பதாண்டுக் காலம் அறிஞரையே மயக்கிய எழுத்தை முன்பயிற்சியின்றி மாணவர்முன் நிறுத்துதல் முறையன்று. தமிழ் பிராமி, வட்டெழுத்து ஆகியவற்றில் தொடக்கப் பயிற்சியோ, வாய்மொழி வழக்காறாயின் கேட்டெழுதும் பயிற்சியோ முடித்திருத்தலே முதல் தகுதியாதல் வேண்டும். மொத்த மதிப்பெண் அதற்கு ஈடாகாது.

உடல்வலிமையைத் தகுதியாக்குதல் மட்டும் கூடாது. அழகர்மலைக் குகைத்தளத்திற்கு ஏறவியலாத மாணவர் அதன் படியெடுப்பைக் கொண்டு ஆராயலாம். மதிப்பலகு குறைத்தற்கு அதில் காரணமில்லை. பெண் மாணவரை இரவு விழாக்களினின்று விலக்கி வைப்பதினும், துணையும் ஊர்தியும் அமைத்தல் துறையின் கடன். பொருள்நிலை வேறு. கோடையிற் கூலிவேலை செய்தே அடுத்த ஆண்டுக் கட்டணம் ஈட்டும் மாணவர் பலர். 20 நாளை ஊதியமின்றி ஒதுக்குமாறு அவரைப் பணித்து, வழிச்செலவையும் அவர் தலையில் வைப்பின், களஆய்வு வசதியுடையார்க்கு மட்டும் உரியதாகிவிடும். அவர்தம் ஊரிலேயே களத்தை அமைத்தலும், பணியைச் சிறு பகுதிகளாகப் பிரித்தலும் ஒருவாறு உதவும். படியின்றேல் இவையும் முழுத்தீர்வு ஆகா.

மதிப்பிடுதற்கு வருகைப் பதிவேடு போதாது. களநாட்குறிப்பு, ஒலிப்பதிவு, அதன் எழுத்துப்பெயர்ப்பு ஆகிய மூன்றையும் ஒருங்கு வைத்து, வழிகாட்டியல்லாத மற்றோர் ஆசிரியரும் காணல் வேண்டும். சொன்னவர் வெளியிட இசைந்தாரா என்பதும் நாட்குறிப்பிலேயே எழுதப்பெறல் வேண்டும். தேடிச் சென்ற முதியவர் வீட்டில் இல்லாது திரும்பிய நாளும், பாடுவதாகச் சொன்னவர் பின்னர் மறுத்த நாளும் அதில் இடம்பெறுக. அவற்றையும் 120 மணிக்குள் எண்ணுக.