கார் நின்றுபோனால் கையில் பேனாவை எடுங்கள்

அன்று காலை மணி 7.10. தம்பிக்கு எஸ்.பி.எம். தேர்வு. ஹாபுவைக் கடந்து தானா ராத்தாவை நோக்கி ஏறும் சாலையில், ஒரு வளைவின் நடுவில் எங்கள் கார் நின்றுபோனது. இருமவில்லை, குலுங்கவில்லை. விளக்கை அணைத்தாற்போல் இயந்திரம் அணைந்தது. பின்னால் காய்கறி லோரி ஒன்று ஹாரன் அடித்தது. அப்பா கைப்பிரேக்கை இழுத்துவிட்டுச் சாவியைத் திருகினார். கார் முனகியதே தவிர உயிர் பெறவில்லை.

தம்பி கடிகாரத்தைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். "அக்கா, நான் இறங்கி நடக்கட்டுமா?" என்று கேட்டான். நடந்து போகும் தூரமா அது? கடைசியில் அந்த லோரி ஓட்டுநரே அவனை முன்னிருக்கையில் ஏற்றிக்கொண்டு போய்ப் பள்ளி வாசலில் இறக்கிவிட்டார். தேர்வு தொடங்கப் பத்து நிமிடம் இருந்ததாம். இருபது நிமிடம் கழித்து, எதுவுமே நடக்காததுபோல் எங்கள் காரும் கிளம்பியது.

கார் அப்படி நின்றது அது முதல் முறையன்று. ஆறு மாதத்தில் பதினோராவது முறை.

மூன்று பட்டறை, மூன்று பதில்

தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குக் கார் ஆடம்பரப் பொருள் அன்று என்பது தெரியும். தோட்டத்துச் சாலையிலிருந்து பெரிய சாலைக்கு வருவதற்கே பல கிலோமீட்டர். மருந்தகம், பள்ளி, சந்தை, கோயில் எல்லாவற்றுக்கும் அந்த ஒரு கார்தான். எங்களுடையது அப்பா தவணையில் வாங்கிய பழைய கார். அது நின்றால் வீடே நின்ற மாதிரி.

முதல் பட்டறையில் பேட்டரி என்றார்கள். மாற்றினோம். இரண்டு வாரம் நன்றாக ஓடியது. மீண்டும் நின்றது. இரண்டாவது பட்டறையில் பிளக்கையும் அதன் கம்பிகளையும் மாற்றினார்கள். மூன்றாவது இடத்தில் எரிபொருள் பம்ப் என்றார்கள். எல்லாம் சேர்த்து ஆயிரம் வெள்ளிக்கு மேல் போயிற்று. ஒவ்வொரு முறையும் பட்டறைக்குப் போய்ச் சேரும்போது கார் நல்ல பிள்ளையாக ஓடும். "இங்க நல்லாத்தானே இருக்கு?" என்று அவர்கள் கேட்பார்கள். அப்பாவுக்குப் பதில் சொல்லத் தெரியாது. "ஏத்தத்துல நிக்குது பாஸ்" என்பார். அவ்வளவுதான்.

அவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. நோய் வராத நேரத்தில் மருத்துவரிடம் போய் நின்றால் அவர் என்ன கண்டுபிடிப்பார்? நாங்கள் சொன்னதும் ஒரே வாக்கியம்தான்.

தம்பியின் தேர்வு நாளன்று மாலை, பள்ளியில் மிச்சமிருந்த ஒரு நோட்டுப் புத்தகத்தைக் காரில் வைத்தேன். இனி கார் நின்றால் எழுதுவது என்று முடிவு செய்தேன். எத்தனை மணி, எந்த இடம், கிளம்பி எவ்வளவு நேரம் ஆயிற்று, தொட்டியில் எண்ணெய் எவ்வளவு, மழையா வெயிலா, எந்த விளக்கு எரிந்தது, மீண்டும் கிளம்ப எத்தனை நிமிடம் ஆயிற்று. "இதெல்லாம் எழுதி என்னம்மா ஆகப்போவுது?" என்றார் அப்பா. ஆனால் மறுமுறை நின்றபோது அவர்தான் முதலில் நோட்டுப் புத்தகத்தைத் தேடினார்.

ஒரே நோய், பல காரணங்கள்

விஷயம் தெரிந்ததும் அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்களும் தங்கள் கதையைச் சொன்னார்கள். கார் நிற்பது எல்லார் வீட்டிலும் நடந்திருக்கிறது. ஆனால் ஒருவர் கார் நின்ற விதம் மற்றவர் கார் நின்ற விதத்தைப் போல் இல்லை.

ஒரு மாமாவின் கார், பள்ளி விடுமுறையில் பிரிஞ்சாங் நெரிசலில் மட்டும் நிற்கும். வேகமாகப் போகும்போது ஒன்றும் ஆகாது. இயந்திரத்துக்குள் காற்றை அளந்து விடும் த்ரோட்டல் வாயிலில் கரி படிந்திருந்தது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தவுடன் அந்தச் சிறு இடுக்கு வழியாகப் போக வேண்டிய காற்று போகவில்லை. சுத்தம் செய்ததும் சரியாயிற்று.

இன்னொரு வீட்டில், எண்ணெய் குறைவாக இருக்கும்போது செங்குத்தான ஏற்றத்தில் கார் விக்கி விக்கி நின்றது. தொட்டி சாயும்போது மிச்சமிருக்கும் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கிவிடுகிறது. பம்ப் காற்றை உறிஞ்சுகிறது. தொட்டிக்குள் இருக்கும் பம்பைக் குளிர்விப்பதும் அதே பெட்ரோல்தான். கால் தொட்டிக்குக் கீழே இறங்கவிட்டு மலை ஏறினால் பம்பின் ஆயுளும் குறையும்.

மூன்றாவது ஒரு தாத்தாவின் பழைய கார்புரேட்டர் கார். பனிமூட்டக் காலையில் சிறிது தூரம் ஓடி நின்றுவிடும். ஐந்து நிமிடத்தில் தானாகக் கிளம்பும். இதன் காரணம்தான் எனக்கு மிகவும் வியப்பைத் தந்தது. பெட்ரோல் ஆவியாகும்போது சுற்றியுள்ள வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. காற்றில் மிகுந்துள்ள ஈரம் அங்கே உறைந்து, கார்புரேட்டரின் தொண்டையில் பனிக்கட்டி படிகிறது. வெளியே 15 பாகை செல்சியஸ் இருந்தாலும் இது நடக்கும். சிறிய விமானங்களை ஓட்டுபவர்கள் இந்த ஆபத்தைப் பயிற்சியிலேயே படிக்கிறார்கள். நின்ற இயந்திரத்தின் சூடு பரவியதும் பனி உருகிவிடும். புகைபோக்கிக் குழாயின் மேலிருந்து சூடான காற்றைக் கொண்டுவரும் ஒரு குழாய் அவர் காரில் எப்போதோ கழன்று விழுந்திருந்தது. அதை மாட்டியதும் தொல்லை தீர்ந்தது.

எங்கள் கார் எதைச் சொன்னது?

ஐந்து முறை எழுதிய பிறகு எங்கள் நோட்டுப் புத்தகம் பேசத் தொடங்கியது. தொட்டி நிறைந்திருந்தபோதும் கார் நின்றிருக்கிறது. மழையிலும் வெயிலிலும் நின்றிருக்கிறது. ஆனால் கிளம்பி இருபத்தைந்து நிமிடத்துக்கு முன்னால் ஒருமுறைகூட நிற்கவில்லை. அதுவும் ஏற்றத்துக்குப் பிறகுதான். இருபது நிமிடம் ஆறினால் கிளம்புகிறது. இன்னொன்றும் இருந்தது. கார் உருண்டுகொண்டிருக்கும்போதே இயந்திரச் சுழற்சியைக் காட்டும் முள் சட்டென்று பூஜ்யத்துக்கு விழுகிறது.

தாப்பாவில் பட்டறை வைத்திருக்கும் ஓர் அண்ணனிடம் அந்தப் பக்கங்களைக் காட்டினோம். இரண்டு நிமிடம் படித்தார். "தங்கச்சி, நீங்க பாதி வேலையை முடிச்சிட்டீங்க" என்றார். எரிபொருள் பம்ப் செயலிழந்தால் கார் திணறித் திணறிச் சக்தி இழக்கும். முள் மெதுவாக இறங்கும். முள் ஒரே அடியாக விழுந்தால், இயந்திரம் சுழல்வதையே கணினி பார்க்கவில்லை என்று பொருள். அதைப் பார்ப்பது கிராங்க் தண்டின் அருகில் இருக்கும் ஒரு சிறிய சென்சார்.

எங்கள் காரில் அது ஒரு காந்தமும் செப்புக் கம்பிச் சுருளும் கொண்டது. பல் சக்கரம் அதன் எதிரே சுழலும்போது காந்தப் புலம் மாறுகிறது. சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. இடைநிலைப்பள்ளி இயற்பியலில் நாம் படிக்கும் மின்காந்தத் தூண்டலே இது. அந்தச் சமிக்ஞையை வைத்துத்தான் எப்போது தீப்பொறி, எப்போது பெட்ரோல் என்று கணினி முடிவு செய்கிறது. மயிரிழை போன்ற அந்தக் கம்பியில் நுண்ணிய விரிசல் இருந்தால், சூட்டில் விரிந்து தொடர்பு அறும். ஆறினால் மீண்டும் ஒட்டிக்கொள்ளும்.

அண்ணன் ஊகத்தோடு நிற்கவில்லை. ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள துளையில் கருவியை மாட்டிக் கணினியைப் படித்தார். பி 0335 என்ற குறியீடு வந்தது. கிராங்க் சென்சார் இணைப்பில் கோளாறு என்பது அதன் பொருள். "குறியீடு ஊரைத்தான் சொல்லும், வீட்டைச் சொல்லாது" என்றார். வயரிலும் கோளாறு இருக்கலாமல்லவா? ஆகவே சென்சாரைக் கழற்றி, முடி உலர்த்தும் கருவியால் சூடாக்கி, மீட்டரில் மின்தடையை அளந்தார். சில நிமிடங்களில் மீட்டர் துண்டிப்பைக் காட்டியது. ஆறவிட்டார்; எண் திரும்பி வந்தது. புதிய சென்சாருக்கும் கூலிக்கும் சேர்த்து 170 வெள்ளி.

குளிர்ந்த மலையில் கார் சூடேறுவதா என்று அப்பா கேட்டார். தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தாப்பாவைவிட அங்கே காற்றின் அடர்த்தி பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. சிறிய இயந்திரத்தின் சக்தியும் அதற்கேற்பக் குறைகிறது. தாழ்ந்த கியரில், அதிகச் சுழற்சியில், குறைந்த வேகத்தில் ஏறுகிறோம். முன்னாலிருந்து வீசும் காற்றும் குறைவு. வெளியே நாம் குளிர்ச் சட்டை போட்டிருப்போம், மூடிக்குள் வெந்துகொண்டிருக்கும்.

இது வெறும் தொந்தரவு அல்ல

கார் நிற்பதைச் சிறு தொந்தரவாக எண்ணுவது ஆபத்து. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் சில கார்களில், ஓடும்போதே சாவி விசை நழுவி இயந்திரம் அணைந்தது. அப்போது காற்றுப் பைகளும் வேலை செய்யவில்லை. உரிமையாளர்கள் புகார் செய்தார்கள். ஆனால் நிறுவனத்துக்குள் பல ஆண்டுகள் அது பாதுகாப்புப் பிரச்சினையாக அல்ல, வாடிக்கையாளரின் வசதிக் குறைவாகவே கருதப்பட்டது. 2014-இல் சுமார் 26 லட்சம் கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. இழப்பீட்டு நிதியின் கணக்குப்படி 124 பேர் உயிரிழந்திருந்தனர். 2015-இல் அந்நிறுவனம் 90 கோடி அமெரிக்க டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது.

எரிபொருள் பம்பில் குறை இருந்ததால் அண்மைய ஆண்டுகளில் உலகெங்கும் பல லட்சம் கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. மலேசியாவிலும் அந்த அழைப்பு வந்தது. உங்கள் காரின் சேஸ் எண்ணைக் கொடுத்துத் தயாரிப்பாளரிடம் கேட்டால், உங்கள் காருக்கு அழைப்பு உண்டா என்பது தெரிந்துவிடும். அந்த மாற்று வேலைக்குக் கட்டணம் இல்லை.

விற்பனையாளரிடமோ பட்டறையிலோ நியாயம் கிடைக்காவிட்டால் நமக்குச் சட்டமும் இருக்கிறது. 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த பயனீட்டாளர் உரிமைகோரல் நடுவர் மன்றம் 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கிறது. பதிவுக் கட்டணம் 5 வெள்ளிதான். வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் ரசீது வேண்டும், தேதி வேண்டும், நடந்தது என்ன என்ற பதிவு வேண்டும். "அடிக்கடி நிக்குது" என்ற வாய்ச்சொல் அங்கே போதாது. எங்கள் முதல் மூன்று ரசீதுகளில் இரண்டை அப்பா தொலைத்துவிட்டார். அந்தப் பணத்தைப் பற்றி இப்போது நாங்கள் பேசுவதில்லை.

ஓடும்போது நின்றால் என்ன செய்வது?

பதற்றம் வேண்டாம். இயந்திரம் நின்றாலும் பிரேக் உண்டு. ஆனால் அதன் துணைச் சக்தி ஒன்றிரண்டு மிதிக்குத்தான் வரும். ஆகவே விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே சீராக அழுத்துங்கள். ஸ்டியரிங் கனக்கும், ஆனால் திரும்பும். கார் நகரும்போது சாவியை வெளியே எடுக்காதீர்கள், ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். அபாய விளக்கைப் போட்டு ஓரம் கட்டுங்கள். ஏற்றத்தில் கைப்பிரேக்கை இழுத்து, சக்கரத்துக்குப் பின்னால் கல் வையுங்கள். கிளம்பும்போது அந்தக் கல்லை எடுத்து ஓரமாகப் போடுங்கள்; பின்னால் மோட்டார் சைக்கிளில் வருபவரும் ஒரு வீட்டின் பிள்ளைதான். வளைவுக்கு முன்னாலேயே முக்கோணப் பலகையை வையுங்கள். பயணிகள் காருக்குள் இராமல் சாலையை விட்டு விலகி நிற்கட்டும்.

வாகனத் துறையில் படிக்க நினைக்கும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. கைகளை அழுக்காக்கும் வேலை என்று மட்டும் இதை எண்ண வேண்டாம். மலேசியத் திறன் சான்றிதழ் வழியாகப் படிப்படியாக டிப்ளோமா வரை இத்துறையில் ஏறலாம். பொருளை மாற்றிப் பார்ப்பவர்கள் பலர் இருக்கிறார்கள். சோதித்துப் பார்த்து, அதன்பின் மாற்றுபவர்கள்தான் நமக்கு வேண்டும்.

தம்பி இப்போது வாகனத் தொழில்நுட்பம் படிக்கிறான். விடுமுறைக்கு வந்தால் அவன்தான் ஓட்டுகிறான். அந்த நோட்டுப் புத்தகம் இன்னும் காரில் இருக்கிறது. கடைசிப் பக்கங்களில் என் கையெழுத்து இல்லை. அப்பாவின் பெரிய பெரிய எழுத்துகள்: எண்ணெய் மாற்றிய தேதி, டயர் காற்று, தாப்பாவிலிருந்து ஏறிய நாள். ஒவ்வொரு பயணத்தின் கீழும் ஒரே வரியை அவர் எழுதியிருக்கிறார்: "நிக்கல."